படிக்காமல் வந்த வியாபாரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வந்த செட்டிநாட்டு நகரத்தார் பற்றிய கட்டுரையில், 'இவர்களுக்கு வியாபாரம் ரத்தத்திலேயே ஊறியது, படிப்பு எதற்கு?' என்று ஒரு வரி. பாராட்டாகத்தான் எழுதியிருப்பார்கள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்குக் கப்பலேறி, வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் பையனாக உட்கார்ந்தவர். கடை கூட்டுவது, கடையை நடத்தும் மேலாளுக்கு எடுபிடி வேலை, அப்புறம்தான் பேரேட்டைத் தொட விடுவார்கள். ராத்திரி வட்டிக்கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். காலணா இடித்தால் தூக்கம் கிடையாது. மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக வருஷக்கணக்கில் ஆனது. இது படிப்பு இல்லையென்றால் வேறு எது?

அதே நகரத்தாரில் ஒருவரான கோட்டையூர்த் தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை நீக்காமல் விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

நான் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை செய்து விற்கிறேன். கைப்பக்குவம் அப்பத்தா கொடுத்தது. ஆனால் சிங்கப்பூர் போன பொட்டலத்தில் சிக்கு வாடை வந்தபோது கைப்பக்குவம் உதவவில்லை. தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சி எடுத்த பிறகுதான் காரணம் புரிந்தது. காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் கெடும். பொட்டலத்தில் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் அடைக்க வேண்டும். பொரிக்கப் பொரிக்க எண்ணெய் கெட்டு உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் மறுபடி பொரிக்கக் கூடாது. 2018 ஜூலை முதல் அது சட்டம். இன்று பெரிய கம்பெனிச் சரக்குக்குப் பக்கத்தில் என் பொட்டலமும் விலைபோகிறதென்றால் அந்தப் பயிற்சிதான் காரணம்.

அந்தச் சான்றிதழோடு ஒரு வங்கியில் கடன் கேட்டேன். அதிகாரி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பரம்பரை வியாபாரம்தானேம்மா, உங்களுக்கு எதுக்குப் பயிற்சி?" என்றார். உங்கள் கட்டுரையின் அதே வரி! ஏற்றுமதி பற்றி இங்கே நடந்த ஒரு கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில். ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிறவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். கண்ணாடி மேல் நிறமும் சிமென்டும் ஊற்றிப் பூ வரைகிற கைகள் அவை. இயந்திரத்தில் செய்த டைல்ஸோடு போட்டி போடுகிற அவர்களுக்கு விலை போடவும், வெளிநாட்டுக்கு உடையாமல் அனுப்பவும் தமிழில் சொல்லித்தர ஆளில்லை. இதை முன்பே உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. போகட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்படிப்பட்ட தொழிற்பயிற்சிகளின் தேதி, கட்டணம், விண்ணப்பிக்கும் இடம் ஆகியவற்றை உங்கள் சிவகங்கை மாவட்டப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே போட்டால் நல்லது.

இப்படிக்கு,
பலகாரத் தொழில் செய்யும் ஒரு வாசகி,
கோட்டையூர்.