ஆண்டறிக்கை 2023–24: வியாசர்பாடி கால்பந்து மன்றச் செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்றத்தின் மூத்த ஆட்டக்காரர்களே, தம்பிகளே, தங்கைகளே, பிள்ளைகளை நம்பி மைதானத்துக்கு அனுப்பி வைக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். ரசீதுக் கட்டு மேசைமேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

மூத்தோர் அணிக்கு இது நல்ல ஆண்டு இல்லை. முன்வரிசையில் வேகம் இருந்தது, இரண்டாம் பாதியில் மூச்சு இல்லை. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் களத்துக்கு வரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவர்களுக்கு முட்டையும் பழமுமாவது மன்றச் செலவில் கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். இளையோர் அணி நன்றாக ஆடியது. அதைப் பற்றிப் பயிற்சியாளர் பேசுவார்.

இந்த ஆண்டில் நம் தெரு மறக்காத நாள் ஆகஸ்ட் 12. டூரண்ட் கோப்பை ஆட்டம், கொல்கத்தாவில் அந்த ஊரின் இரண்டு பெரிய கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஈஸ்ட் பெங்கால் அந்த எதிரியை ஜெயித்ததே இல்லை. டீக்கடை பெஞ்சில் ஒரே ஒரு செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அதைச் சுற்றி முப்பது தலை. 60ஆவது நிமிடம். ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடிய நம்ம சென்னைப் பிள்ளை நந்தகுமார் சேகர் வலப்பக்கம் பந்தை வாங்கினார், உள்ளே வெட்டினார், வளைத்து அடித்தார். வலைக்குள் பந்து போனதும் டீக்கடைக்காரர் கையிலிருந்த வடிகட்டியோடு தெருவுக்கு ஓடி வந்து எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்துக் கத்தினார்: "இன்னாபா, நம்மூட்டுப் புள்ள கோல் போட்டுக்கீறான், நீ இன்னும் குந்திக்கினு கீற!" ஆட்டம் 1–0 என்று முடிந்தது. அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் பதிலடி கொடுத்துக் கோப்பையைக் கொண்டுபோனது. ஆனால் ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியில், ஒடிசா அணிக்கு எதிராக மறுபடியும் நந்தகுமார் ஒரு கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 3–2 என்று ஜெயித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த கிளப்புக்குக் கிடைத்த தேசிய அளவிலான கோப்பை அது.

இதை ஒட்டி நம் மன்றத்தில் ஒரு சண்டை வந்தது. தம்பிகள் சிலர் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு, மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். பெரியவர்களுக்குக் கோபம். "2015லயும் 2018லயும் கப்பு தூக்குன நம்மூரு கிளப்பு ‘சென்னையின் எஃப்.சி.’ கீது, பெரியமேட்டுல நம்ம ஸ்டேடியம் கீது, இதே வியாசர்பாடியில பொறந்த தனபால் கணேஷ் ஆடுன டீமு அது. கல்கத்தாக்காரனுக்குக் கொடி புடிக்கிறியா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. சென்னையின் எஃப்.சி. ஆடும்போது நாம் பெரியமேட்டில் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் அந்தத் தம்பிகளிடம் நான் ஒன்று சொன்னேன், அதை இங்கேயும் சொல்ல விரும்புகிறேன். ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920இல் தொடங்கியது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களின் கிளப் அது. பிரிவினைக்குப் பிறகு வீடு வாசலை விட்டு லட்சக்கணக்கில் கொல்கத்தாவுக்கு வந்த மக்களைப் ‘பாங்கால்’ என்று கூப்பிட்டு, அவர்கள் பேசுகிற வங்காளத்தைக் கேட்டுச் சிரித்தது அந்த நகரம். ஆபீசில் சிரித்தார்கள், பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். சனமெல்லாம் தலை நிமிர்ந்து அதே பேச்சில் கத்தக்கூடிய இடமாக அவர்களுக்குக் கால்பந்து மைதானத்தின் கேலரி இருந்தது. பேச்சுக்காகக் கேலிபட்ட அந்த மக்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு கோல் அடித்தது, பேச்சுக்காகக் கேலிபடுகிற நம் நகரத்துப் பிள்ளை. இதைச் சொன்னதும் கோபப்பட்ட பெரியவர் ஒருவரே, "அப்ப சரி, அவனுங்களும் நம்மள மாரிதான்" என்றார். சண்டை அங்கேயே முடிந்தது.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த ஆண்டு நம் இளையோர் அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்காக ஒரு கல்லூரிக்குப் போனார். கல்லூரியின் பெயர் வேண்டாம். துணைக்கு நானும் போயிருந்தேன். முதல் பத்து நிமிடம் அந்தக் களத்திலேயே அவர்தான் ராஜா. "என்னாண்ட உடு", "ஆளு கீறான்", "நவுந்துக்கோ" என்று குரல் கொடுத்து, முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரு அணியாக நகர்த்திக்கொண்டிருந்தார். கோட்டோரம் நின்றிருந்த தேர்வாளர் ஒருவர் ‘என்னாண்ட’ என்று அவர் மாதிரியே சொல்லிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பிக்கு அது கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. நடுக்களத்தில் நிற்பவன் பேசாவிட்டால் அணிக்குப் பாதிக் கண் போன மாதிரி. முதுகுக்குப் பின்னால் ஆள் வருவது முன்னால் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? தேர்வு முடிந்ததும் காரணம் கேட்டோம். "களத்தில் பேசுவதில்லை" என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அந்தத் தம்பி கேட்டார்: "ண்ணா, நாம பேசுறது அவ்ளோ அசிங்கமாண்ணா?"

அந்த இடத்தில் சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன், எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘என்னாண்ட’ என்பது ‘என் அண்டை’. பக்கத்துக்கு அண்டை என்று சொல்வது நல்ல பழைய தமிழ். மற்றவர்கள் ‘அண்டை வீட்டுக்காரர்’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள், நாம் அதைப் பந்து கேட்கவும் வைத்திருக்கிறோம். ‘அப்பால’ என்பது ‘அப்பால்’. ‘இட்டாந்தான்’ என்பதைப் பிரித்தால் ‘இட்டுக்கொண்டு வந்தான்’. ‘குந்து’ தமிழ் அகராதியில் இருக்கிறது. மற்றதெல்லாம் இந்தத் துறைமுகமும் ரயிலும் மில்லும் கொண்டுவந்து சேர்த்தவை. ‘நாஷ்டா’வும் ‘பேஜாரு’ம் உருது பேசுகிற அண்ணன்மார்கள் தந்தவை, ‘நைனா’ தெலுங்கிலிருந்து வந்தது, ‘துட்டு’ டச்சுக்காரனின் காசு. எத்தனை சனம் இங்கே ஒன்றாக மூட்டை தூக்கியிருக்கிறது என்பதற்கு இந்தப் பேச்சுதான் சாட்சி. இதில் அசிங்கம் எங்கே இருக்கிறது தம்பி?

செயற்குழு இதைப் பற்றி மூன்று கூட்டம் பேசி எடுத்த முடிவுகளைப் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன். களத்தில் கொடுக்கும் குரல் நம் பேச்சிலேயே இருக்கும். எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று பயிற்சியாளர் சிறுவர்களுக்கு வரிசையாகச் சொல்லித் தருகிறார். அவர் தூத்துக்குடிக்காரர். நம் சொற்களை அவர் எழுதி வைத்துப் படித்தார். பதிலுக்கு நம் பொடியன்கள் இப்போது "ஏலே, அங்கன நில்லு" என்று கத்துகிறார்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஞாயிறு பயிற்சி முடிந்ததும் இரண்டு பேர் எழுந்து நின்று, அன்றைய ஆட்டத்தைப் பற்றி ஐந்து நிமிடம், வாய்க்கு வருகிற தமிழில், யாரும் குறுக்கே திருத்தாமல் பேச வேண்டும். நேர்முகத்துக்குப் போகும்போது அங்கே கேட்கிற மாதிரிப் பேசவும் கற்றுத் தருவோம். முதலில் எழுந்து நிற்கிற துணிவு வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பாஷை வேறு, வசவு வேறு. எதிரணிக்காரனின் அம்மாவை இழுத்துப் பேசியவர் யாராக இருந்தாலும் அடுத்த ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். ‘நம்ம ஏரியாப் பேச்சு இப்படித்தான்’ என்று அதற்குச் சாக்குச் சொல்வது, நம் பேச்சைக் கேலி செய்பவனுக்கு நாமே எடுத்துக் கொடுப்பது. இந்த ஆண்டு மூத்தோர் அணியில் நம் முக்கியமான ஆட்டக்காரர் ஒருவரை இதற்காக உட்கார வைத்தோம். அந்த ஆட்டத்தில் தோற்றோம். முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போல் நிரம்பியது, கேப்டன் காட்டன் கால்வாய்த் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. மூத்தோர் அணி மொத்தமும் பயிற்சியை விட்டுவிட்டு பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் தோளில் சுமந்தது. தண்ணீர் வடிந்தபோது மைதானத்தில் கணுக்கால் அளவு கருஞ்சேறு, அதற்குள் கண்ணாடிச் சில்லும் ஆணியும். பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தி, கையில் துணி சுற்றிக்கொண்டு, கோல்போஸ்டிலிருந்து கோல்போஸ்ட் வரை ஒரு ஜாண் இடம் விடாமல் தடவித் தடவிப் பொறுக்கினார்கள். இந்த மைதானத்தில் வெறுங்காலில் ஆடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் அப்படிப் பொறுக்கினார்கள். கண்ணாடிச் சில்லு மட்டும் இரண்டு பெயிண்ட் பக்கெட் நிறைந்தது. மன்றத்தின் பழைய புகைப்படங்களில் பெரும்பகுதி நனைந்து ஒட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றித் தந்த ஸ்டூடியோக்காரத் தம்பிக்கு நன்றி.

பெண்கள் அணி பற்றி. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2–1 என வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2018இல் மணிப்பூரை வென்றதற்குப் பிறகு இது இரண்டாவது முறை. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நம் தெருவிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு அறை கூட நம்மிடம் இல்லை. இது என் பொறுப்பில் நடந்த குறை. வரும் ஆண்டில் வேறு எதற்கும் முன்பாக இது முடிய வேண்டும்.

மன்றத்தைத் தொடங்கியவர்களில் எஞ்சியிருந்த ஒரே ஐயாவை இந்த ஆண்டு இழந்தோம். பக்கிங்ஹாம் கர்னாடிக் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1918 ஏப்ரலில் நாட்டிலேயே முதன்முதலாக முறையாக அமைந்த தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில்லின் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது என்பதை ஒவ்வொரு புதுப் பொடியனிடமும் சொல்வார். 1996இல் மில்லை மூடிய பிறகும் மில் சங்கு ஊதும் நேரத்துக்கே எழுந்து மைதானத்துக்கு வந்துவிடுவார். அவர் வீட்டுப் பரணில் பழைய நாடா வைத்துக் கட்டிய தோல்பந்து ஒன்று இருந்தது. மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும், நாடா பக்கம் தலையில் பட்டால் நெற்றி கிழியும். அவர் புருவத்துக்கு மேலே இருந்த வடு அதனால் வந்ததுதான். அந்தப் பந்தை அவர் மகள் மன்றத்துக்குத் தந்திருக்கிறார். அவருக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. அமருங்கள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் ஐஸ் தண்ணீர் தந்த அண்ணனுக்கும், கடனுக்கு இட்லி கொடுத்துக் கணக்கே எழுதாத ஆயாவுக்கும், மழையில் தன் ஆட்டோவை மன்றத்துக்கு விட்ட தம்பிக்கும் மன்றம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நடுக்களத் தம்பி வேறொரு கல்லூரித் தேர்வுக்கு ஜூனில் போகிறார். இந்த முறை அவரோடு அணியே போகும், கோட்டோரம் நிற்கும். கூட வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

வரும் ஞாயிறு காலை 5.30க்குச் சுண்ணாம்புக் கோடு போட ஆள் வேண்டும். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்