ஆண்டகை கேட்டது ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார் முன்னாள் ஆயர் ராயப்பு ஜோசப் ஆண்டகை காலமானது 2021 ஏப்ரல் முதலாம் திகதி. அந்த நாள் வந்தால் படத்துக்கு மாலை போடுகிறோம், விளக்கேற்றுகிறோம். நல்லதுதான். இம்முறை எங்கள் பக்கத்தில் நடந்த கூட்டமொன்றுக்கு நானும் போயிருந்தேன். பேசிய நாலு பேரில் மூன்று பேர், “ஆண்டகை சொன்னபடி இறுதி யுத்தத்தில் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள்” என்றார்கள். ஒருவர் அதை ஒன்றரை லட்சமாக முழுசாக்கியும் விட்டார். கைதட்டலும் கிடைத்தது. நினைவு நாளில் எழுந்து நின்று வாய்த்தர்க்கம் செய்வது சரியில்லை என்று பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டகை அப்படிச் சொல்லவில்லை. 2011 ஜனவரியில், யுத்தத்தைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவர் அவர்கள் முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகள் (மாவட்டச் செயலகங்கள்) காட்டிய தொகை 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று 2009 ஜூலையில் ஐ.நா. காட்டிய தொகை 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. கேள்வியைப் பதிலாக மாற்றினால், பதில் சொல்ல வேண்டியவனுக்குத்தான் சுகம். “மிகைப்படுத்துகிறார்கள்” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

அந்த 429,059 எப்படி வந்தது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். மாந்தைப் பக்கத்தில் சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) மனேஜராக இருந்தவன் நான். 2008இல் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது, போகிற இடத்திலெல்லாம் நிவாரண அட்டைப் பதிவு என் கையில்தான் இருந்தது. விதானையார் (கிராம அலுவலர்) பதிவார், நான் சரிபார்ப்பேன், பிரதேச செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து கச்சேரிக்குப் போகும். பிழையே இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். யாழ்ப்பாணம் போய்விட்ட பிள்ளையின் பெயரை வெட்டாமல் விட்ட வீடும் இருந்தது, பிறந்த குழந்தையைச் சேர்க்க மறந்த வீடும் இருந்தது. ஆனால் 2009 தொடக்கத்தில் அரசாங்கம் என்ன சொன்னது? யுத்தம் நடக்கும் பகுதிக்குள்ளே இருப்பது எழுபதாயிரம் பேர்தான் என்றது. அப்புறம் முகாம்களுக்கு வந்து சேர்ந்ததோ இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். யாருடைய கணக்கு எவ்வளவு பிழை என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அந்தத் தொகை வெறும் புள்ளிவிவரம் அல்ல. எழுபதாயிரம் என்றால் அத்தனை பேருக்குத்தான் அரிசி, அத்தனை பேருக்குத்தான் மருந்து.

என் பதிவுக் கொப்பியை உரப்பைக்குள் சுற்றி முல்லைத்தீவில் இரணைப்பாலை வரை கொண்டுபோனேன். மழைக்குப் பங்கருக்குள் தண்ணீர் வந்த இரவில் நனைந்துபோனது. விடிந்து எடுத்துப் பார்த்தால், ஒற்றைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீல மை முழுக்கக் கரைந்திருந்தது. நான் அடித்த சிவப்புக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. கோட்டுக்குள் ஒரு பெயரும் இல்லை.

நெடுந்தீவில் பிறந்து, 1992 முதல் 2016 தொடக்கம் வரை மன்னாருக்கு ஆயராக இருந்தவர் அவர். நான் சைவன், அவருடைய பூசைக்குப் போனவன் அல்லன். எல்லாருக்கும் அவர் இனித்தார் என்றும் சொல்ல மாட்டேன். காணி, மீன்பிடித்துறை விஷயங்களில் முஸ்லிம் சகோதரர்கள் சிலருக்கு அவர்மேல் மனக்குறை இருந்தது. ஆனால் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த 2011இல், இலக்கத்தோடு, கையெழுத்தோடு கேட்டவர் அவர். அடுத்த வருஷமே அதைப் பற்றி அவரிடம் குற்றப் புலனாய்வுப் பிரிவினர் விசாரித்தார்கள். கேட்டதை அவர் திருப்பி வாங்கவில்லை.

சிலை வைக்கிறவர்கள் வைக்கட்டும், வீதிக்குப் பெயர் வைக்கிறவர்கள் வைக்கட்டும். என் கோரிக்கை வேறு. அவர் தந்த அந்த இலக்கத்துக்குள் பெயர்களை நிரப்ப வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரத்தில் போராட்டம் இருந்த தாய்மார் பலர், பிள்ளையைக் காணாமலேயே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களோடு பெயர்களும் போகின்றன. கோயில் பங்குப் பதிவேடு, பள்ளிக்கூட வரவு இடாப்பு, சங்கத்து அங்கத்தவர் பட்டியல் என்று ஊருக்கு ஊர் ஏதாவது மிஞ்சியிருக்கும். ஊருக்கு இரண்டு பேர் இருந்து எழுதினால் போதும். உங்கள் பத்திரிகை கிழமைக்கு ஒரு அரைப்பக்கம் ஒதுக்கித் தந்தால், ஊர் ஊராகப் போடலாம்.

நான் தொடங்கிவிட்டேன். புதுக் கொப்பியில் இதுவரை 31 பேர். நிவாரண அட்டையில் நாங்கள் எழுதியது குடும்பத் தலைவரின் பெயரும் தலை எண்ணிக்கையும்தான். அதனால் பெரியவர்கள் நினைவில் நிற்கிறார்கள், பிள்ளைகள் வெறும் எண்ணாக நிற்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் தையல் மெஷின் வைத்திருந்தவரின் குடும்பம், தலை ஐந்து. மூத்த மகள் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வருவாள், மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் போவாள். “குட்டி” என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். அவளுடைய பதிவுப் பெயர் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய சங்கக்கடை மனேஜர்,
மாந்தை மேற்கு, மன்னார்.