இரட்டைப் பட்டம் யாருக்குப் பொருந்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் முதுகலையையும் எம்.பி.ஏ.வையும் இணைத்துத் தரும் படிப்புகளைப் பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரை, அவற்றால் எவ்வளவு காலம் மிச்சமாகும் என்று விரிவாகச் சொன்னது. அவை யாருக்குப் பொருந்தும் என்பதைத் தொடவில்லை. தஞ்சை, திருவாரூர் பக்கத்தில் பி.இ. முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் "ஒரே செலவில் இரண்டு பட்டம்" என்ற பேச்சு அடிபடுவதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி அரிசி ஆலை ஒன்று நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்கலாமா என்று யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லின் ஈரப்பதம், அரசுக் கொள்முதலுக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அதைக் குறைக்க எவ்வளவு வெப்பம் வேண்டும், ஆலையில் சேரும் உமியை எரித்தே அதைப் பெற முடியுமா, அவசரமாக உலர்த்தினால் அரைக்கும்போது குருணை எவ்வளவு விழும் என்பவை பொறியாளரின் கணக்கு. குறுவை, சம்பா அறுவடை வாரங்கள் போக மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கு வங்கி வட்டி கட்டினால் கட்டுப்படியாகுமா, நெல் வாங்குவதற்கென்று வைத்திருக்கும் பணத்தை அதில் முடக்கலாமா என்பவை நிர்வாகத்தின் கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய இத்தகைய பொறுப்பை விரும்புகிறவருக்குத்தான் இணைப்புப் படிப்பு உரியது. வடிவமைப்பிலோ ஆராய்ச்சியிலோ நாட்டம் உள்ளவருக்கு எம்.இ. போதும்; வங்கிக்கோ விற்பனைத் துறைக்கோ போக நினைப்பவர் எம்.பி.ஏ. மட்டும் படிக்கலாம். அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இரண்டு பட்டம் வேண்டுமென்றால் அது வேறு விஷயம்.

கல்லூரியை விட்டு வந்த கையோடு இதில் சேர்வதும் எனக்கு உசிதமாகப் படவில்லை. இவ்வகையில் முன்னோடியான அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) 1988-இல் தொடங்கிய திட்டம், இரண்டு ஆண்டுகளில் எம்.பி.ஏ.வும் பொறியியல் முதுகலையும் தருகிறது. அதற்குள் ஆறு மாதம் நிறுவனம் ஒன்றில் பயிற்சியும் உண்டு. ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்களைத்தான் அங்கே சேர்க்கிறார்கள். தொழிற்கூடத்தில் ஒரு ஷிப்டுகூட நின்றறியாத மாணவனுக்கு உற்பத்தி நிர்வாகப் பாடம் வெறும் மனப்பாடமாகவே முடியும் என்பது வகுப்பறையில் நான் கண்டது.

சேர்வதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவையும் உண்டு. தனித்தனியாக இரண்டு பட்டச் சான்றிதழ் தருவார்களா, ஒன்றுதானா? பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக உரிய பிரிவில் எம்.இ. அல்லது எம்.டெக். தேவைப்படுவதால், சான்றிதழில் அச்சாகும் பட்டத்தின் பெயர் பின்னாளில் சிக்கலாகிவிடக்கூடும். 'கேட்' (GATE) எனப்படும் பொறியியல் தகுதித் தேர்வில் தேறி எம்.டெக். படிப்போருக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வழங்கும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இந்தப் படிப்புக்கும் உண்டா என்பதைக் கல்விக்கடனுக்குக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. 2022 முதல் இரண்டு பட்டப் படிப்புகளை ஒரே காலத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிப்பதால், வேறு வழியே இல்லையென்று அவசரப்படவும் வேண்டியதில்லை.

இத்தகைய படிப்புகளைப் பற்றி இனி எழுதும்போது, கட்டணத்தோடும் நுழைவுத்தேர்வுத் தேதியோடும் நிறுத்தாமல், முன்பு படித்து வெளியேறியவர்கள் இன்று என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதையும் கல்லூரிகளிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியியல் விரிவுரையாளர்,
மன்னார்குடி.