மவுண்ட் வெர்னன் தோட்டத்தாருக்கு நன்றி

வர்ஜீனியாவில், பொடோமாக் ஆற்றங்கரையில் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் வீட்டைச் சுற்றிக்காட்டிய வழிகாட்டிகளுக்கும், 1760 முதல் விடாமல் காய் விளைகிற அதன் அடுக்களைத் தோட்டத்தைப் பேணுகிறவர்களுக்கும் எங்கள் வீட்டுத்தோட்டக் குழுவின் மனமார்ந்த நன்றி.

லத்தி மட்கும் சூட்டில் நாற்று வளர்க்கும் சூட்டுப்பாத்தி பற்றிச் சொல்லித்தந்ததற்குத்தான் முதல் நன்றி. புதுக் குதிரை லத்தியை வைக்கோலோடு கலந்து, இரண்டடி உயரத்துக்கு மிதித்து அடைத்து, மேலே ஆறு அங்குலம் மண் போட்டுக் கண்ணாடியால் மூட வேண்டும். இவ்வளவும் எல்லோரும் சொல்வதுதான். பிறகு பொறுத்திருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் அழுத்திச் சொன்னீர்கள். முதல் சில நாள் சூடு கடுமையாக ஏறும். அந்நேரம் விதைத்தால் முளை வெந்துபோகும். ஒரு குச்சியை ஆழச் செருகி, சற்று நேரம் விட்டு உருவிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கை தாங்கும் இளஞ்சூடாக இருந்தால்தான் விதை. கண்ணாடியை ஒரு விரற்கடை தூக்கி வைக்காவிட்டால் அம்மோனியா தங்கி நாற்றின் இலை கருகும். லத்தி காய்ந்திருந்தாலும் சொதசொதவென்று நனைந்திருந்தாலும் சூடே பிறக்காது.

செங்கல் மதில் பகல் வெயிலைப் பிடித்துவைத்து இரவில் விடுவதால் அதையொட்டிய செடிகளைப் பனி எளிதில் தொடாது. பழமரக் கிளைகளைப் படுக்கவாட்டில் கட்டினால் வளர்ச்சி குறைந்து பூ கூடும் என்பதையும், கட்டியதை ஆண்டுதோறும் தளர்த்தாவிட்டால் பட்டையை அறுத்துவிடும் என்பதையும் மரத்தருகே நிறுத்திக் காட்டினீர்களே, அது எங்களுக்குப் பெரிய உதவி.

வீட்டுச் சுவர் பார்வைக்குக் கல், உண்மையில் மரப்பலகை. விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, வண்ணம் ஈரமாக இருக்கும்போதே மணலை வீசுகிறார்கள். வண்ணம் உலர்ந்துவிட்டால் மணல் ஒட்டாமல் உதிரும். இடிய இருந்த இந்த வீட்டை விலைபேசிக் காப்பாற்றியது 1858இல் பெண்கள் சங்கம் ஒன்று. இன்றும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

சமையற்கட்டில் நின்று பேசிய வழிகாட்டிக்குத் தனி நன்றி. அடுப்பையும் பாத்திரத்தையும் மட்டும் காட்டி நகர்ந்துவிடவில்லை. 1799இல் இந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர் என்றார். வாஷிங்டனின் தலைமைச் சமையற்காரர் ஹெர்குலிஸ், அடுப்படியிலிருந்து செங்கல் மண் தோண்ட அனுப்பப்பட்டதையும், 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளில், இங்கிருந்து தப்பிப் போனதையும் பெயர் சொல்லிச் சொன்னார்.