சென்சார் வந்துவிட்டால் ஆள் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை ஆலையில் இனி எல்லாம் சென்சார்தான், பாய்லர் பக்கம் இத்தனை பேர் எதற்கு என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. சென்சார் வரட்டும், நல்லதுதான். இரவு ஷிப்டில் அந்தச் சூட்டில் நின்று கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பது லேசான வேலை இல்லை. ஆனால் மாட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும் என்று சொல்கிறார்களே, அதுதான் இடிக்கிறது.

பழக்குலை வேகவைக்கும் ஸ்டெரிலைசரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீராவி 3 பார் அழுத்தம், ஏறக்குறைய 140 டிகிரி சூடு. சாதாரண பிரஷர் சென்சாரின் மின்பாகங்கள் 85 டிகிரியைத் தாண்டினாலே படுத்துவிடும். அதனால் நடுவில் சுருட்டி வளைத்த ஒரு குழாய் போடுவார்கள். நீராவி அதில் குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும், அழுத்தம் மட்டும் சென்சாருக்குப் போகும், சூடு போகாது. புதிதாக மாட்டும்போது அந்தக் குழாயில் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் ஸ்டீமைத் திறந்துவிட்டு, சென்சார் செத்ததும் சரக்கு சரியில்லை என்று பழி போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் கத்தும் மிதவை அலாரமும் அப்படித்தான். மிதவை அறையில் கசடு படிந்தால் மிதவை ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் இறங்கினாலும் அது இறங்காது. ஷிப்டுக்கு ஒரு தடவையாவது வால்வைத் திறந்து கசடைத் தள்ளி, அலாரம் அடிக்கிறதா என்று ஒருவர் பார்த்தாக வேண்டும். சும்மா சும்மா அடிக்கிறது என்று ஒயரை ஷார்ட் பண்ணி வைக்கும் ஆட்களும் உண்டு. தண்ணீர் இல்லாமல் டியூப் சிவந்து வெடித்தால் யார் பொறுப்பு?

கழிவுநீர்க் குளத்தின் மட்டத்தை அளக்க, விலை குறைவு என்று அல்ட்ராசோனிக் சென்சார் வாங்குகிறார்கள். அது சத்தத்தை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து அளக்கும். நுரை சத்தத்தை விழுங்கிவிடும், மேலே நிற்கும் ஆவியால் கணக்கும் தப்பும். ரேடியோ அலையால் அளக்கும் ரேடார் வகைக்கு ஆவி ஒரு பொருட்டே இல்லை, விலைதான் கூட.

அப்புறம் எலி. எண்ணெய்த் தொட்டி காலி என்றால் 4 மில்லி ஆம்பியர், நிறைந்தால் 20 என்று மட்டம் காட்டும் சென்சாரிலிருந்து ஒயரில் சிக்னல் வரும். எலி ஒயரைக் கடித்துவிட்டால் 0. விஷயம் தெரிந்தவர் 0 என்று பார்த்ததுமே டார்ச் லைட்டோடு ஒயரைத் தேடிப் போவார். தெரியாதவர் தொட்டி காலி என்று பம்பைத் தட்டிவிடுவார், எண்ணெய் வழிந்து ஓடும்.

இதற்கெல்லாம் இப்போது கோலாலம்பூரிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. ஏன், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடித்த நம் பிள்ளைகள் இங்கேயே இல்லையா? ஆளைக் குறைப்பதற்கு முன், இருக்கும் பாய்லர்மேன்களுக்கு ஆலை நிர்வாகங்கள் இந்த வேலையைக் கற்றுக் கொடுக்கட்டும். தங்கள் பத்திரிகையும் திவெட் என்ற தொழில்திறன் கல்விச் சேர்க்கை நேரத்தில் வழக்கமான ஏர்கான், வயரிங் படிப்புகளோடு, இந்த மாதிரி சென்சார்களை மாட்டிப் பராமரிக்கக் கற்றுத் தரும் இன்ஸ்ட்ருமென்டேஷனையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கே படிக்கலாம், என்ன தகுதி, எவ்வளவு செலவு என்று விவரமாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஆலைத் தொழிலாளி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்