மூன்று மணி வரை தூங்கலாம் என்று சொன்னீர்கள்: ஓட்டல் உறுப்பினர் திட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பெரிய ஓட்டல் குழுமங்களில், அடிக்கடி தங்குகிறவர்களுக்குச் சலுகை தருகிற உறுப்பினர் திட்டங்களை நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். லேட் செக் அவுட், அதாவது வழக்கமான நேரத்தைத் தாண்டியும் அறையில் இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நேரம் வந்ததும் இல்லை என்கிறீர்கள், அதைப் பற்றித்தான் இந்த மடல். யாருடைய ஓட்டலில் இது நடந்தது என்று சொல்லப் போவதில்லை. ஒரு ஓட்டலோடு முடிகிற விஷயம் என்றால் அந்த மேலாளரிடமே பேசி முடித்திருப்பேன். ஐந்தாறு வருடமாக வேறு வேறு ஓட்டல்களில் இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அதிகம் தங்குகிற உறுப்பினர்களுக்கு நீங்கள் தருகிற மேல் படிகளுக்கு வருவதற்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹயாத்தில் குளோபலிஸ்ட் ஆக ஒரு வருடத்தில் 60 இரவுகள். ஐஎச்ஜியில் டைமண்ட் ஆக 70. மேரியட்டில் டைட்டானியம் ஆக 75, அதற்கும் மேலே அம்பாசடர் என்றால் 100 இரவுகளோடு 23,000 டாலர் செலவும் காட்ட வேண்டும். உங்களுக்கு இவை கணினியில் ஏறுகிற எண்கள். எங்களுக்கு 75 இரவு என்பது வீட்டில் இல்லாத இரண்டரை மாதம். ஆசைப்பட்டு யாரும் அவ்வளவு நாள் வெளியே படுப்பதில்லை, வேலை படுக்க வைக்கிறது.

என் வேலை தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தில் கை வைக்க முடியாது. அதனால் இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்தித் தருவார்கள், விடிவதற்குள் முடித்துத் திருப்பித் தர வேண்டும். என்னைப் போன்ற ஆளுக்கு நீங்கள் தருகிற சலுகைகளில் லவுஞ்சும் வேண்டாம், வரவேற்புப் பரிசும் வேண்டாம். லேட் செக் அவுட் ஒன்று போதும். பகலில் தூங்குகிறவனுக்கு அதுதான் ராத்திரி.

அன்றைக்கு அறைக்குத் திரும்பும்போது காலை ஆறே முக்கால். முந்தின நாள் மாலை செக் இன் செய்யும்போதே இரவு வேலை என்று சொல்லி, மூன்று மணி வரை அறை வேண்டும் என்று கேட்டிருந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் என் உறுப்பினர் நிலையைப் பார்த்துவிட்டு, "மூன்று மணி போட்டுவிட்டேன் சார்" என்று என் கண் முன்னால்தான் தட்டச்சு செய்தார். கீ கார்டு உறையிலும் பேனாவால் 3 என்று எழுதித் தந்தார். குளித்தேன், கதவில் தொந்தரவு செய்யாதீர்கள் அட்டையை மாட்டினேன், திரையை இழுத்து மூடிப் படுத்தேன்.

பத்து ஐம்பதுக்குத் தொலைபேசி. எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். மூன்று என்றேன், சரி என்றார்கள். பதினொன்றரைக்குக் கதவைத் தட்டினார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடியும் தொலைபேசி: இன்றைக்கு ஓட்டல் நிறைந்துவிட்டது, லேட் செக் அவுட் அறை இருப்பைப் பொறுத்ததுதான், தயவுசெய்து காலி செய்யுங்கள் என்றார்கள். உறையை எடுத்துக்கொண்டு தூங்கிய உடையிலேயே கீழே போனேன். காலைப் பணியில் வேறொருவர் இருந்தார். அவருடைய திரையில் மூன்று மணி என்று எதுவும் இல்லையாம். பேசிவிட்டு மேலே வந்து கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. இன்னொரு முறை வைத்தேன், மறுபடியும் சிவப்பு. பணம் கட்டிய அறைக்கு வெளியே, வெறுங்காலோடு நடைபாதையில் நின்றேன். என் செருப்பும் மாத்திரையும் வேலைக் கருவிகளும் உள்ளே இருந்தன.

காவலாளி ஒருவர் வந்து கதவைத் திறந்து, நான் மூட்டை கட்டும் வரை வாசலிலேயே நின்றார். பக்கத்தில் ஹவுஸ் கீப்பிங் அம்மா ஒருவர் துணி வண்டியோடு காத்திருந்தார். "எனக்கு இன்னும் ஆறு அறை இருக்குங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரிசப்ஷனில் 3 என்று எழுதித் தந்த பெண் மேலும் இல்லை, காலையில் இருந்தவர் மேலும் இல்லை. அன்று மாலை வரை லாபி சோபாவில் தலையைச் சாய்த்துச் சாய்த்து எழுந்தேன். அன்றிரவு அடுத்த ஊரில் மின் பலகையைத் திறந்து வேலை. தூக்கம் இல்லாத கண்ணோடு அதன் முன்னால் நிற்பது என்னவென்று, அந்த வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

புகார் எழுதினேன். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதமும், சேர்த்து வைத்தால் இலவசமாகத் தங்க உதவுகிற பாயிண்ட் கொஞ்சமும் வந்தன. கடிதத்தின் நடுவில் அதே வாக்கியம்: இந்தச் சலுகை அறை இருப்பைப் பொறுத்தது.

என் கேள்வி இந்த வாக்கியத்தைப் பற்றித்தான். ஓட்டல் நிறைந்திருக்கிற நாளில் எல்லோருக்கும் நேரம் நீட்டித் தர முடியாது என்பது எனக்குத் தெரியும். சுத்தம் செய்கிறவர்களின் பணி நேரம் மாலையோடு முடிந்துவிடும், அடுத்த விருந்தினர் மூன்று மணிக்கே வந்து நிற்பார். இதெல்லாம் நியாயம். அப்படியானால் முடியாது என்பதை எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டால், உண்டு அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். இல்லை என்றால் அரை நாளுக்குப் பணம் கட்டிக்கொள்வேன், அல்லது வேறு ஓட்டல் பார்ப்பேன். உண்டு என்று சொன்ன பிறகு மாற்றாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இது நடக்காத காரியம் இல்லை. மேரியட்டில் பிளாட்டினம் படியிலும் அதற்கு மேலேயும் இருப்பவர்களுக்கு மாலை 4 மணி வரை செக் அவுட் என்று விதியிலேயே இருக்கிறது. ரிசார்ட்டிலும் மாநாட்டு ஓட்டலிலும்தான் இருப்பைப் பொறுத்தது என்று விலக்கையும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அதே திட்டத்தில் வரவேற்புப் பரிசைத் தர மறந்தால் உறுப்பினருக்குப் பணமாக ஈடு கொடுக்க வேண்டும் என்றும் விதி உண்டு. ஒரு பரிசுக்கு ஈடு வைக்கத் தெரிந்த துறைக்கு, கெட்ட தூக்கத்துக்கு ஈடு வைக்கத் தெரியாதா?

நிஜமான சிக்கல் எங்கே என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வாசலில் உங்கள் பெயர் இருக்கிறது, கட்டடம் உங்களுடையது இல்லை. இன்றைக்குப் பெரிய குழுமங்களின் பெயரில் ஓடுகிற ஓட்டல்களில் மிகப் பெரும்பாலானவை வேறு முதலாளிகளுடையவை. பெயருக்கும் முன்பதிவுக்கும் உறுப்பினர் திட்டத்துக்கும் அவர்கள் உங்களுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். எனக்கு வாக்குக் கொடுப்பது நீங்கள், அதற்காக ஒரு அறையைச் சும்மா வைத்திருக்க வேண்டியது அந்த முதலாளி. பாயிண்டில் தங்கும் இரவுக்கு ஓட்டலுக்கு நீங்கள் பணம் திருப்பித் தருகிறீர்கள். மூன்று மணி வரை நான் தூங்குவதற்கும் அவருக்கு ஏதாவது கொடுங்கள். கொடுத்தால் பன்னிரண்டு ஐந்துக்கு யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கணக்கை, ரிசப்ஷனில் நிற்கிற இருபது வயதுப் பிள்ளையின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

வந்ததுதான் வந்தேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1983-இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் இந்தத் திட்டங்களைத் தொடங்கியபோது, அடிக்கடி வருகிறவரை அடையாளம் கண்டு கவனிப்பதுதான் நோக்கம். இன்றைக்கு மேரியட் திட்டத்தில் மட்டும் 20 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள். அமெரிக்காவில் வருடக் கட்டணம் கட்டி ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாலே ஹில்டனில் டைமண்ட் படி கிடைத்துவிடுகிறது, ஒரு இரவுகூடத் தங்க வேண்டாம். கார்டு வாங்குகிறவர் மேல் தப்பில்லை, கொடுக்கிறதை வாங்குகிறார். ஆனால் ஒரே காலையில் ரிசப்ஷன் முன்னால் நாற்பது பேர் மேல் படியில் நின்றால், மூன்று மணியை யாருக்குத் தர முடியும்? கூட்டத்தைச் சேர்த்தவர்கள் நீங்கள். நெரிசலில் வெளியே தள்ளப்படுவது 75 இரவு படுத்தவன். சலுகைகளோ ஒவ்வொன்றாகக் கரைகின்றன. 2021-இல் அமெரிக்காவில் ஹில்டன் காலை உணவுக்குப் பதிலாக ஒரு தொகையை வரவு வைக்கத் தொடங்கியது. 2022-இல் மேரியட் பாயிண்ட் விலைப் பட்டியலையே எடுத்துவிட்டது. எத்தனை பாயிண்ட் சேர்த்தால் எந்த அறை என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தோடு ஒரு விடுமுறைக்குத் திட்டமிட்டவர்கள் பாதியில் நின்றார்கள். இன்னும் நல்ல அறைக்கு மாற்றித் தருகிற அப்கிரேடு பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு மடல் வேண்டும். சூட் காலியாக இருப்பது ஆப்பில் எனக்கே தெரிகிறது, கேட்டால் இல்லை என்கிறார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அப்கிரேடு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சின்ன அறையிலும் நன்றாகத் தூங்கலாம். பாயிண்டும் எனக்கு வேண்டாம். புகாருக்குப் பதிலாக வந்ததைத் தொடாமல் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

லேட் செக் அவுட்டை முன்பதிவிலேயே கேட்கவும், உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் பெறவும் ஆப்பில் ஒரு இடம் வையுங்கள். உண்டு என்று வந்தால் அது எந்தப் பணி நேரத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் திரையில் தெரிய வேண்டும், கீ கார்டும் அந்த நேரம் வரை திறக்க வேண்டும். தவறினால் ஈடு என்ன என்று விதியில் ஒரு வரி சேருங்கள். இரவில் வேலை செய்து பகலில் உங்கள் அறைகளில் தூங்குகிற செவிலியர்கள், விமான ஊழியர்கள், ஓட்டுநர்கள், என்னைப் போன்ற மெக்கானிக்குகள் எல்லோருக்காகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடியும் பன்னிரண்டு இரவுகள் இருக்கின்றன. இன்னும் முன்பதிவு செய்யவில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பகலில் தூங்கும் உறுப்பினர் ஒருவர்