நீதிபதி பாலும் எங்கள் பாட்டியின் தம்பியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நீதிபதி ராதாபினோத் பால் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தோற்ற ஜப்பானின் தலைவர்கள் மேல் நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் பதினொரு நாட்டு நீதிபதிகள் உட்கார்ந்திருக்க, கூண்டில் நின்றவர்களில் ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை என்று எழுதியவர் ஒரு இந்தியர் என்ற பெருமை கட்டுரை முழுக்கத் தெரிகிறது. பெருமை இருக்கட்டும். வென்றவர்கள் கையிலும் ரத்தம் இருந்தது, அதனால் தோற்றவர்கள் மேல் சுமத்திய பழி செல்லாது என்று கட்டுரையாளர் போய் முடிக்கிறாரே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

முதல் பாதியில் எனக்கு மறுப்பே இல்லை. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை எரித்துக் கொன்ற விமானப்படையிலிருந்து யாரும் கூண்டேறவில்லை. ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆக்கிரமிப்புப் போர் குற்றம் என்று தீர்ப்பு எழுத உட்கார்ந்த நெதர்லாந்தும் பிரான்சும் அதே நேரத்தில் இந்தோனேசியாவையும் வியட்நாமையும் திரும்பப் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவை அமெரிக்கர்களே காப்பாற்றினார்கள். மனிதர்களை வைத்துக் கிருமிச் சோதனை நடத்திய ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவின் தலைவர் இஷி ஷிரோ, ஆய்வுக் குறிப்புகளைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டார். இதெல்லாம் நீதியா என்று கேட்டால், இல்லை.

ஆனால் பால் உண்மையில் என்ன எழுதினார்? ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல் போகும் அந்த மாறுபட்ட தீர்ப்பில், ஜப்பானியப் படை அட்டூழியம் செய்யவில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. செய்ததற்கான சாட்சியங்கள் மலைபோல் இருக்கின்றன என்றுதான் சொல்கிறார். டோக்கியோவில் உட்கார்ந்திருந்த தலைவர்கள் உத்தரவிட்டுத்தான் அது நடந்தது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்பது அவர் வாதம். சட்டத்தைப் பின்னால் எழுதிவிட்டு முன்னால் நடந்ததற்குத் தண்டிக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் சட்டம் படித்தவர்கள் மதிக்கிற வாதங்கள்தான். கட்டுரையில் இந்த வேறுபாடு காணாமல் போய், 'ஜப்பான் குற்றமற்றது என்று சொன்ன இந்தியர்' என்று ஆகிவிட்டது.

நான் இதை இவ்வளவு தூரம் எழுதக் காரணம் உண்டு. என் பாட்டியின் தம்பி மலாயாவில், கெடாவில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் வந்து, மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று சொன்னார்களாம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் அப்போது மரவள்ளிக்கிழங்கைத் தவிர எதுவும் இல்லை. பத்தொன்பது வயதுப் பையன், சாப்பாடு என்றதும் பெயர் கொடுத்துவிட்டார். பெயர் கொடுக்காதவர்களையும் அப்புறம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது வேறு. சயாம், அதாவது தாய்லாந்து போன அந்த ரயிலோடு அவர் கதை முடிந்தது. கடிதமும் இல்லை, உடன் போனவர்கள் யாரும் திரும்பி வந்து செய்தி சொல்லவும் இல்லை.

அவர்களைக் கொண்டுபோனது ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு. அதன் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அந்தக் காட்டில், அந்த மழையில், கையால் வெட்டி முடித்தார்கள். வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் அறுபதாயிரம் பேரில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்காவது ராணுவ மருத்துவர்கள் உடன் இருந்தார்கள். நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்? 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலிகள் இருந்த இடங்கள் முகாம் முகாமாகக் காலியாயின. டோக்கியோ தீர்ப்பே, தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று பெயர் சொல்லி, ஒன்றரை லட்சம் பேரில் குறைந்தது அறுபதாயிரம் பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறது. அதற்கு மேலும் இருக்கும் என்பது பின்னால் வந்த கணக்கு.

இதில் தலைவருக்கு என்ன பங்கு? ஹிடெகி டோஜோ அப்போது பிரதமர், ராணுவ அமைச்சரும் அவரே. கைதிகளின் நிலை மோசம் என்று தெரிந்து 1943 மே மாதம் ஒரு அதிகாரியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். வந்த பலன்: ஒரு கம்பெனித் தலைவர் மேல் வழக்கு, பாதை வேலைக்குப் பொறுப்பான தளபதிக்கு இடமாற்றம். வேலை நிற்கவில்லை, சாவும் நிற்கவில்லை. ஜூலை 6ஆம் தேதி அதே டோஜோ சிங்கப்பூர் பாடாங் திடலில் நேதாஜியோடு நின்று இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அந்தப் படைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் போனார்கள், எங்கள் பாட்டி கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். நேதாஜியை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அவர் படம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த ஜூலையில்தான் வடக்கே காட்டில் எங்கள் ஆட்கள் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பாலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போர்க்கைதிகளை அந்தப் பாதையில் வேலைக்கு விட்டதற்கு டோஜோ பொறுப்பு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். உடனே, அது அரசு செய்த செயல், தனிமனிதர் மேல் சாட்டும் குற்றம் ஆகாது என்கிறார். நாட்டுக்காகக் கையெழுத்துப் போட்டால் கையெழுத்துப் போட்டவருக்குப் பாவமில்லை என்றால், லயத்தில் சாப்பாட்டுக்காகப் பெயர் கொடுத்தவனின் சாவை யார் கணக்கில் எழுதுவது? வென்றவர்களையும் சேர்த்துக் கூண்டேற்று என்று அவர் சொல்லியிருந்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டியிருப்பேன். டோக்கியோவின் குறை, அளவுக்கு மீறித் தண்டித்தது இல்லை. பாதிப் பேரை விட்டுவிட்டது.

ஒரு சிறு திருத்தம். தீர்ப்பு வந்த அன்றே தூக்கு என்று கட்டுரையில் இருக்கிறது. தண்டனை அறிவித்தது 1948 நவம்பர் 12. டோஜோ உட்பட ஏழு பேரைச் சுகாமோ சிறையில் தூக்கிலிட்டது டிசம்பர் 23.

சில வருடங்களுக்கு முன், அந்த ரயில் பாதை போன தாய்லாந்து ஊரான காஞ்சனபுரி போயிருந்தேன். அங்கே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்து, புல்லை வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். தமிழ்ப் பெயர் தேடுவது மடத்தனம் என்று தெரிந்தும் பார்த்தேன். செத்த நாள் தெரியாததால் பாட்டி கடைசிவரை ஆடி அமாவாசையில்தான் தம்பிக்கு இலை போட்டார்.

கட்டுரையோடு, போரில் இறந்த ஜப்பானியருக்காக டோக்கியோவில் இருக்கும் யாசுகுனி கோயிலில் 2005இல் வைத்த பாலின் நினைவுக்கல் படத்தைப் போட்டிருந்தீர்கள். அதே வளாகத்து அருங்காட்சியகத்தின் முகப்பில் சி56 31 என்ற எண்ணோடு ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. சயாம் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் அது. அடுத்த முறை அந்தக் கல்லின் படத்தைப் போட்டால், எஞ்சினின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
சுங்கைப்பட்டாணி, மலேசியா